துண்டு போட்ட புத்தகம்

புதிதாகப் பயிற்சி முடித்து வரும் ஆசிரியைகளை முதல் ஆறு மாதம் பீரோவில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். புத்தகங்களை வெளியே விட்டுவைக்கலாம், அவற்றால் யாருக்கும் ஆபத்தில்லை. ஓய்வு பெற்று இத்தனை காலம் கழித்து நான் வந்து சேர்ந்திருக்கும் கல்விக் கொள்கை இவ்வளவுதான்.

ஆனால் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் பள்ளியில் ஏற்பாடு நேர்மாறாக இருந்தது. ராயபுரத்தில், கல்மண்டபத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்த சின்னப் பள்ளிக்கூடம் அது. ஐம்பதுகளின் தொடக்கம். டிராம் வண்டிகள் ஓடிக்கொண்டிருந்த காலம். குழந்தைகள் வகுப்புக்கென்று ஒரு நூலகம் உண்டு என்று சொன்னார்கள். ஆசையாகப் போய்ப் பார்த்தேன். கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பீரோ. உள்ளே அந்துருண்டை வாசனையோடு புத்தகங்கள். நூலக நேரம் வந்தால் குழந்தைகள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பீரோ முன்னால் வரிசையில் நின்று அட்டைகளைப் பார்ப்பார்கள். மணி அடித்ததும் ஆயா வந்து, கண்ணாடியில் வரிசையாகப் பதிந்திருக்கும் மூக்கு அடையாளங்களைத் துணியால் துடைப்பாள். அதோடு நூலக நேரம் முடிந்தது.

எனக்கு ரத்தம் கொதித்தது. (பத்தொன்பது வயதில் எதற்கெடுத்தாலும் கொதிக்கும்.) பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் ஒரே விஷயம். குழந்தை எதையும் தொட்டுத்தான் கற்கும். கதை படித்தால் மட்டும் போதாது, அந்தக் கதையைக் கையால் செய்து பார்க்க வைக்க வேண்டும். இதை நான் தலைமை ஆசிரியையிடம் போய் விளக்கினேன். அவரைப் பள்ளிக்கூடமே பெரிய டீச்சர் என்றுதான் அழைக்கும். நான் பேசி முடிக்கும்வரை கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மிஸ் கிரேஸ், தொட்டா அழுக்காகும். அழுக்கானா கிழியும். கிழிஞ்சா யார் பதில் சொல்றது?"

"நான் சொல்றேன் டீச்சர்."

இந்த மூன்று சொற்களை நான் எவ்வளவு கம்பீரமாகச் சொன்னேன் என்பது இன்றும் என் காதில் கேட்கிறது.

அரை மனதோடு பெரிய டீச்சர் பீரோவைத் திறந்துவிட்டார். சாவியை ஆணியில் மாட்டாமல் இடுப்பிலேயே செருகிக்கொண்டார். என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் மளிகைக் கடை வைத்திருந்தார். கடையிலிருந்த சோப்புப் பெட்டிப் பலகைகளை வாங்கி, குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் ஓர் அலமாரி அடித்தேன். கோரைப் பாய் விரித்தேன். குயவன் கதை படித்தால் களிமண் பிசைந்து சட்டி செய்தோம். மழைக் கதை படித்தால் தாழ்வாரத்தில் மழைத்தண்ணீர் பிடித்தோம். குழந்தைகளுக்கு ஒரே கொண்டாட்டம். ஆயாவுக்கு மட்டும்தான் வருத்தம், மூக்கு அடையாளம் துடைப்பது இதைவிடச் சுலபமாக இருந்ததாம்.

அந்த நேரத்தில்தான் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா வரப்போகிறார் என்று செய்தி வந்தது. என் வேலை தற்காலிகம். அவர் சரி என்றால்தான் நிரந்தரம். நிரந்தரமானால் ஒரு வருடத்துக்குக் கல்யாணப் பேச்சை எடுப்பதில்லை என்று அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். ஆகாவிட்டால், சாத்தான்குளத்தில் எண்ணெய்ச் செக்கு வைத்திருக்கும் ஒருவர் காத்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர்தான் என்றார்கள். அவருடைய போட்டோவைப் பார்த்தேன், செக்கும் கூடவே நின்றது.

ஆகவே என் வாழ்க்கையின் மிகச் சிறந்த நூலக நேரத்தை நடத்திக் காட்டுவதென்று முடிவு செய்தேன். பெரிய டீச்சருக்குப் பிரியமான படப் புத்தகம் ஒன்று இருந்தது. ஒரு பக்கம் மட்டும் அச்சிட்ட தடித்த தாள். பக்கத்துக்கு ஒரு படம், படத்துக்குக் கீழே ஒரு வரி. அம்மா பேச்சைக் கேட்காத குட்டி மீன் ஒன்று ஊர் சுற்றப் போகிறது. வலையில் மாட்டி, கூடைக்கு வந்து, சந்தைக்கு வந்து, கடைசியில் சட்டியில் கொதிக்கிறது. 'சொல் கேளாத மீனின் கதி இதுவே' என்று கடைசிப் பக்கத்தில் கொட்டை எழுத்து. அந்தப் பக்கத்தைப் பெரிய டீச்சர் படிக்கும்போது அவர் முகத்தில் ஒரு திருப்தி தெரியும்.

இந்தக் கதையைப் படித்துவிட்டு, மீன் கடை வைத்து விளையாடுவது என் திட்டம். அதற்காக ஒரு வாரம் உட்கார்ந்து பழைய காலண்டர் தாள்களில் மீன்கள் வெட்டினேன். மஞ்சள் தூள், பீட்ரூட் சாறு, சலவை நீலம் என்று வண்ணம் பூசி, ஒவ்வொரு மீன் வயிற்றிலும் ஓர் எழுத்து எழுதினேன். குழந்தைகள் 'ப', 'ட', 'ம்' மீன்களைக் கூடையில் சேர்த்து 'படம்' என்று படிப்பார்கள், இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா மயங்கி விழுவார் என்பது கணக்கு. வீட்டில் வைத்தால் தம்பிகள் நாசம் செய்துவிடுவார்கள் என்று பத்திரமாக அப்பாவின் கடையில் ஓர் ஓரத்தில் அடுக்கி வைத்தேன்.

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா வரும் நாள் காலை கடைக்குப் போனால் மீன்களைக் காணோம்.

"அப்பா, இங்க வச்சிருந்த தாளெல்லாம் எங்க?"

"எது, அந்தக் கலர் தாளா?" என்றார் அப்பா, தராசிலிருந்து கண்ணை எடுக்காமல். "காலைல ஒரே கூட்டம், பொட்டலம் மடிக்கத் தாளு இல்ல. அதத்தான் எடுத்தேன். ஏட்டி, அத எவன் வெட்டுனான்? ஒரு பக்கம் வாலு மாதிரி நீட்டிக்கிட்டு நிக்கி. கடுகெல்லாம் ஒழுவிப் போச்சு."

"அப்பா! அது மீனு!"

"மீனா?" அப்பா கையிலிருந்த பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தார். "அட, ஆமா. கண்ணுகூட இருக்குல்லா!"

அது கடைசி மீன். அதற்குள் மிளகாய் வற்றல் இருந்தது. வாங்கிக்கொண்டு போக வந்திருந்தவர் தன் பொட்டலத்தைத் தர மறுத்துவிட்டார். அன்று ராயபுரத்தில் பல சமையலறைகளில் என் உயிரெழுத்துகளும் மெய்யெழுத்துகளும் பிரித்து எறியப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில், நான் வெறுங்கையோடு பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன்.

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா எனக்கு முன்பே வந்துவிட்டிருந்தார். கஞ்சி போட்ட புடவை, கழுத்தில் சங்கிலி கோத்த மூக்குக்கண்ணாடி, நிமிர்ந்த உடம்பு. பெரிய டீச்சர் நாற்காலி போட்டும் உட்காராமல், குழந்தைகளின் குட்டைப் பலகையில், அவர்களுக்கு நடுவிலேயே அமர்ந்துகொண்டார். பெரிய டீச்சர் அவருக்குப் பின்னால் புன்னகையோடு நின்றார். அந்தப் புன்னகையைக் காலையிலேயே போட்டு வைத்திருந்தார் என்று நினைக்கிறேன்.

கதையைப் படித்தேன். நன்றாகத்தான் படித்தேன். குழந்தைகள் மூச்சு விடாமல் கேட்டார்கள். 'கதி இதுவே' என்ற இடத்தில் பெரிய டீச்சரின் தலை தானாக ஆடியது. புத்தகத்தை மூடியதும் முன்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"டீச்சர், மீன் கட வெக்கலாம்னு சொன்னியே. மீனு எங்க?"

தேசம்மா. ஐந்து வயது. காசிமேட்டில் அவள் அம்மாவுக்கு மீன் வியாபாரம். அதுவரை வகுப்பில் ஓர் எழுத்துகூட அவள் வாயிலிருந்து வந்ததில்லை. மற்றபடி வாய் மூடியதில்லை.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பயிற்சிப் பள்ளியில் இதற்கும் ஒரு வழி சொல்லியிருந்தார்கள். பொருள் இல்லாத இடத்தில் கற்பனை.

"புத்தகங்கள்தான் இன்னைக்கு மீன்கள்!" என்றேன் உற்சாகமாக. "எப்படி விப்பீங்களோ, வாங்குவீங்களோ, அப்படியே செஞ்சு காட்டுங்க பார்ப்போம்."

"கற்பனை. நல்லது," என்று இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா தலையசைத்தார். அந்த ஒரு தலையசைப்பில் நான் தரையிலிருந்து ஓர் அடி மேலே போய்விட்டேன். அதற்குப் பிறகு கீழே நடந்தது எதுவும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

சோப்புப் பெட்டி அலமாரி ஒரே நொடியில் பாயில் கவிழ்ந்தது. தேசம்மா புத்தகங்களை ரகம் பிரித்தாள். ஒல்லிப் புத்தகங்கள் நெத்திலி. அகலமான தேசப்பட நூல் திருக்கை. பெரிய டீச்சரின் படப் புத்தகம் எல்லாவற்றுக்கும் மேலே, வஞ்சிரமாக வீற்றிருந்தது. காதர் என்ற பையன், யாரும் கேட்காமலேயே, தான் பூனை என்று அறிவித்துவிட்டுப் பாயைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"வாம்மா வா! இப்பத்தான் கட்டுமரம் கரைக்கு வந்துச்சு! துடிக்குது பாரு!"

கூவிக்கொண்டே தேசம்மா கையை உதறி உதறித் தண்ணீர் தெளித்தாள். என்ன நடிப்பு என்று வியந்தேன். என் கன்னத்தில் ஒரு சொட்டு விழுந்த பிறகுதான், கதவோரம் இருந்த குடிதண்ணீர்ப் பானை பாய்க்குப் பக்கத்தில் வந்திருப்பதைப் பார்த்தேன். புத்தகங்கள் நனைய நனைய, பெரிய டீச்சரின் புன்னகை காய்ந்துகொண்டே வந்தது.

அப்போதே நிறுத்தியிருக்கலாம். ஆனால் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா குனிந்து, வஞ்சிரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டத்தில் சேர்ந்துவிட்டார்! எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் இதைவிடப் பெரிய வெற்றி கேள்விப்பட்டதில்லை.

"ஏம்மா, மீன் புதுசா?" என்றார்.

"இன்னாமா இப்டி கேட்டுட்டே? செவுள தொறந்து பாரு!" தேசம்மா அட்டையைப் பிளந்து காட்டினாள். அட்டையின் உட்பக்கத்தில் ஒட்டியிருந்த தாள் நல்ல சிவப்பு. "ரத்தமா கீது பாரு!"

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, உண்மையாகவே யோசிக்கிறவர் போல முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். தேசம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"சும்மா தொட்டுத் தொட்டு பாத்துகினு கீறியே! வாங்கறதுன்னா வாங்கு, இல்லாட்டி நவுரு. காலங்காத்தால பேஜாரு பண்ணாத."

பெரிய டீச்சர் பின்னாலிருந்து "ஏசுவே" என்றார். இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாவின் உதட்டோரம் லேசாகத் துடித்தது.

"சரி, குடு."

"முழுசாவா, துண்டு போட்டா?"

"துண்டு போட்டே குடு."

இந்த வாக்கியத்தை நான் என் இரண்டு காதாலும் கேட்டேன். கேட்டும் சும்மா நின்றேன். ஏனென்றால் 'பார்த்தீங்களா?' என்று பெரிய டீச்சரைப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அவர் கண்கள் என் முதுகுக்குப் பின்னால் எதையோ பார்த்துப் பெரிதாகிக்கொண்டே போயின.

'டர்ர்ர்' என்று சத்தம் கேட்டது.

திரும்பினால், அட்டை தனியாகக் கிடந்தது. ("செதிலு" என்று விளக்கினாள் தேசம்மா.) அடுத்து விரலை உள்ளே விட்டு, தைத்திருந்த நூலை ஒரே இழுப்பில் உருவி, "கொடலு" என்று வீசினாள். காதர் பாய்ந்து வாயால் கவ்விக்கொண்டு மூலைக்கு ஓடினான். பிறகு பக்கம் பக்கமாகக் குறுக்கே கிழித்தாள். அவள் அம்மாவின் கை வேகம் அப்படியே வந்திருந்தது. நான் "தேசம்மா!" என்று கத்திக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்து, நேற்றைய செய்தித்தாளில் சுற்றி, இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாவின் மடியில் வைத்துவிட்டாள்.

"தலையும் உள்ள வெச்சிக்கீறேன். கொழம்பு வெச்சா சோக்கா இருக்கும்."

மற்ற குழந்தைகளும் கடை வைக்கத் தயாராக இருந்தார்கள். நல்லவேளை, நெத்திலியை யாரும் துண்டு போடுவதில்லை. சின்னப் புத்தகங்கள் அதனால் பிழைத்தன. திருக்கையை மட்டும் இரண்டு பேர் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். அதன்மேல் நான் படுத்துக் காப்பாற்றினேன்.

தரையிலிருந்து நான் நிமிர்ந்தேன். இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா பொட்டலத்தைக் கையில் பிடித்தபடி கேட்டார்.

"கிரேஸ் டீச்சர், இதுதான் நீங்க பயிற்சியில படிச்ச முறையா?"

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அழுதிருக்கலாம். அழுகை வேறு தயாராகத்தான் இருந்தது. ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு.

"இல்லீங்கம்மா. துண்டு போடச் சொன்னது நீங்கதான்."

பெரிய டீச்சர், உட்காராமல் விடப்பட்ட அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். எனக்குக் கண் முன்னால் எண்ணெய்ச் செக்கு மெல்லச் சுற்ற ஆரம்பித்தது.

"ஆமா," என்றார் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா. "நான்தான் சொன்னேன்." எழுந்து பொட்டலத்தை என்னிடம் நீட்டினார். "அடுத்த மாசம் வருவேன். இது மறுபடி புத்தகமா இருக்கணும். இந்தப் பொண்ணு இதை எனக்குப் படிச்சுக் காட்டணும். அதுக்கப்புறம் உங்க வேலையைப் பத்திப் பேசலாம்."

"இன்னாமா, வெட்டுன மீன திருப்பிக் குடுக்கறே?" என்று தேசம்மா கோபித்துக்கொண்டது மட்டும்தான் வழியனுப்பு விழா.

அந்த மாதம் முழுக்க நான் தேசம்மாவுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன். கரும்பலகையில் எழுதினால் ஜன்னல் வழியே வேடிக்கை பார்ப்பாள். 'மீன்' என்று எழுதினால் மட்டும் திரும்புவாள். அதனால் வலை, கூடை, சட்டி, கடல் என்று அவள் உலகத்தில் இருந்த சொற்களாகப் பிடித்துப் போனேன். எழுத்துகளைச் சேர்த்துச் சேர்த்து வாசிக்க ஆரம்பித்தாள். வாசித்த சொல் சரியில்லை என்றால் என்னிடம் தகராறும் செய்தாள்.

மாலையில் வீட்டுக்கு வந்ததும் கிழிந்த பக்கங்களை மைதாப் பசையால் ஒட்டுவேன். என் கல்யாணக் கவலையைவிட என் வாடிய முகம்தான் அப்பாவை அதிகம் பயமுறுத்தியது. மீன்களில் பொட்டலம் மடித்தது அவரை அரித்துக்கொண்டே இருந்தது.

"நீ ஒட்டி மட்டும் வையி, தைக்கிறத நான் பாத்துக்கிடுதேன்," என்றார். "அரிசி மூட்டையத் தைக்கிறவனுக்குப் புஸ்தகம் ஒரு பெருசா?"

முதல் பக்கத்தை ஒட்டிக் காய வைத்து எடுத்தேன். அதன்மேல் இரண்டாம் பக்கம், அதன்மேல் மூன்றாம் பக்கம் என்று அடுக்கிக்கொண்டே வந்தேன். கடைசிப் பக்கம் எல்லாவற்றுக்கும் மேலே வந்தது. அடுக்கை அப்படியே அப்பாவிடம் கொடுத்தேன். அவரும் அப்படியே வாங்கி, மேலே முன் அட்டை, கீழே பின் அட்டை வைத்து, சாக்கு ஊசியும் சணலும் கொண்டு தைத்துவிட்டார். இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா வரும் காலையில்தான் வேலை முடிந்தது. "கடப்பாரை போட்டாலும் பிரியாது" என்று கையில் கொடுத்தார். பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை. அட்டையைப் பார்த்ததே போதும் என்று ஓடினேன்.

பெரிய டீச்சரும் அட்டையைத்தான் பார்த்தார், தாள்களை ஓரமாக எண்ணினார், அவ்வளவுதான். இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா வந்ததும், "நானே பக்கம் பக்கமா சரிபார்த்துட்டேம்மா. முன்னே இருந்த மாதிரியே இருக்கு," என்றார்.

தேசம்மா பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து முதல் பக்கத்தைத் திறந்தாள். கொதிக்கும் சட்டி. நான் தலைகீழாக அடுக்கியிருந்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"சொ…ல் கே…ளா…த மீனின் க…தி இதுவே," என்று விரல் வைத்துப் படித்தாள். முகத்தைச் சுளித்தாள். அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். சந்தை. "ஐ! மீனு சட்டிலேர்ந்து எகிறி ஓடியாந்துச்சு!" அடுத்த பக்கம், கூடை. அதையும் எழுத்துக் கூட்டிப் படித்தாள். அடுத்தது வலை. "வலயிலேர்ந்தும் பூட்சி!" அதற்கடுத்து ஆழ்கடல். கடைசிப் பக்கத்தில் அம்மா மீனும் குட்டி மீனும் ஒட்டி நின்றன. "மீ…ன் அம்மாவோடு சு…க…மாக இருந்…தது."

வகுப்பு மொத்தமும் கைதட்டியது. மீன் பிழைத்துவிட்டதே என்று காதர் மட்டும் அழுதான்.

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா பெரிய டீச்சரைத் திரும்பிப் பார்த்தார். "போன தடவை முடிவு வேற மாதிரி இருந்ததா எனக்கு ஞாபகம்?"

பெரிய டீச்சர் வாயைத் திறந்தார். பக்கம் பக்கமாகச் சரிபார்த்தது ஞாபகம் வந்திருக்க வேண்டும். மூடிக்கொண்டார்.

"இது நல்லாத்தான் இருக்கு," என்று இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா புத்தகத்தை வாங்கிச் சணலை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. "தையல் பிரமாதம். யார் தைச்சது?"

"எங்க மிஸ் கிரேஸ்தான்," என்றார் பெரிய டீச்சர், பேச்சு மாறிய நிம்மதியில். நான் உண்மையைச் சொல்ல எடுத்த மூச்சை, அவருடைய செருப்பு என் கால்விரலில் ஏறி நிறுத்தியது.

வேலை நிரந்தரமாயிற்று. எண்ணெய்ச் செக்கு வேறு எங்கோ போயிற்று. சோப்புப் பெட்டி அலமாரியும் அப்படியே நிலைத்தது, பீரோவுக்குள் புத்தகங்கள் திரும்பிப் போகவில்லை. ஆனால் நூலக நேரத்தை இனித் தானே நடத்துவதாகப் பெரிய டீச்சர் சொல்லிவிட்டார். எனக்கு, இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாவின் சிபாரிசின் பேரில், தையல் வகுப்பைக் கொடுத்தார்கள். ஊசியில் நூல் கோக்கத் தெரியாத நான் ஓய்வு பெறும்வரை ராயபுரத்தின் தையல் டீச்சராக இருந்தேன். என்னிடம் படித்த பெண்கள் போடும் தையல் எதையும் எளிதில் பிரிக்க முடியாது. அரிசி மூட்டைத் தையல் அது. அப்பாதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

அந்தப் புத்தகம் பிற்பாடு என் வீட்டுக்கே வந்துவிட்டது. என் பிள்ளைகள் அதில்தான் கதை கேட்டு வளர்ந்தார்கள். விளைவு, எங்கள் வீட்டில் எல்லாரும் எதையும் முடிவிலிருந்துதான் தொடங்குவார்கள். "ஃபெயில்" என்று சொல்லிவிட்டுத்தான் என் மகன் பரீட்சை எழுதிய கதையைச் சொல்வான். "முடிஞ்சிடுச்சு" என்றுதான் என் மகள் தன் கல்யாணச் செய்தியையே ஆரம்பித்தாள். அப்படி யார் பேசினாலும், "தாத்தா தைச்ச கதை" என்று மற்றவர்கள் சிரிப்பார்கள்.

இதை எழுதி முடித்து மகளிடம் படிக்கக் கொடுத்தேன். முழுவதும் படித்தாள். தாள்களைத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் முகத்தில் ஓர் ஏமாற்றம்.

"என்னம்மா இது, முதல்ல இருந்து வரிசையா எழுதியிருக்கே?" என்றாள். "படிக்கறவங்க எப்படிம்மா நம்புவாங்க?"